கப்பல் வரும் காலமும் பணம் வரும் காலமும்

கனடாவின் வட கோடியில் இருக்கும் நூனவுட்டில் வீடு கப்பலில் வருகிறது. சுவர்ச் சட்டகத்துக்கான மரம், ஜன்னல், கதவு, ஆணி, பெயின்ட், கழிவறைக் கோப்பை, சமையலறை அலமாரி என்று ஒரு வீட்டுக்கு வேண்டிய அத்தனையும் தெற்கே துறைமுகத்தில் பெட்டி கட்டப்படும். ஜூலையில் கடல் பனி விலகியதும் கப்பல்கள் கிளம்பும். அக்டோபரில் கடல் திரும்ப உறையத் தொடங்குவதற்குள் எல்லா ஊரிலும் சரக்கை இறக்கி முடித்தாக வேண்டும். பெரும்பாலான ஊர்களில் கப்பல் வந்து அணையும் துறை கிடையாது. கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தட்டைப் படகுகளில் ஏற்றி, ஏற்றவற்றம் பார்த்துக் கரைக்குக் கொண்டு வருவார்கள். இதை அங்கே சீலிஃப்ட் என்கிறார்கள். சின்ன ஊர் என்றால் ஒரு கோடை முழுவதற்கும் சில கப்பல்கள்தான் வரும். ஒரு பெட்டி விட்டுப்போனால் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் விமானத்தில் அனுப்ப வேண்டும். விமானத்தில் ஒரு கதவை அனுப்பும் கூலி கதவின் விலையையே தாண்டிவிடும்.

நான் டொரன்டோவில் இருக்கிறேன். கட்டடங்களின் சூடேற்றும் கருவிகளையும் காற்றோட்டக் கருவிகளையும் சோதித்துப் பார்ப்பது என் தொழில். அந்த வேலைதான் என்னை நூனவுட்டுக்குக் கூட்டிப் போனது. போய்வந்த நாளிலிருந்து வடக்கு மக்களின் வீட்டுப் பிரச்சினை பற்றி எது வந்தாலும் படிக்கிறேன். படிப்பதில் பெரும்பகுதி எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள், போதுமா, போதாதா என்ற விவாதம். போதாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பணம் எந்த மாதத்தில் கைக்கு வருகிறது, எத்தனை வருடத்துக்கு வருகிறது என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வீடு எழும்புமா எழும்பாதா என்பதைப் பாதி அதுதான் தீர்மானிக்கிறது.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நூனவுட் 1999 ஏப்ரல் 1 அன்று வடமேற்குப் பிரதேசங்களிலிருந்து பிரிந்து தனி ஆட்சிப்பகுதி ஆனது. பரப்பளவு ஏறக்குறைய 20 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது கனடாவில் ஐந்தில் ஒரு பங்கு. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 36,858. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆர்க்டிக்கின் பழங்குடிகளான இனுவிட் மக்கள். மொத்தம் 25 ஊர்கள். ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் நடுவே சாலை இல்லை, தெற்கிலிருந்தும் சாலை இல்லை. தலைநகர் இக்காலுயிட்டில் ஏழாயிரம் பேருக்குச் சற்று அதிகம் இருக்கிறார்கள். மின்சாரம் எல்லா ஊரிலும் டீசலில் ஓடுகிறது, அந்த டீசலும் கப்பலில்தான் வர வேண்டும். மரம் வளராத மண். தரைக்குக் கீழே கோடையிலும் உருகாத உறைமண். பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர் லாரியில் வந்து வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில் நிரம்பும், கழிவுநீர் இன்னொரு தொட்டியில் சேர்ந்து இன்னொரு லாரியில் போகும்.

கனடா அரசு 'அடிப்படை வீட்டுத் தேவை' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வீட்டில் பெரிய பழுது இருக்கக் கூடாது, குடும்பத்தின் அளவுக்குப் படுக்கையறைகள் இருக்க வேண்டும், வரிக்கு முந்தைய வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுச் செலவுக்குப் போகக் கூடாது. இதில் ஒன்று தவறி, அதே ஊரில் ஒழுங்கான வேறு வீட்டுக்கு மாறவும் வசதி இல்லையென்றால் அந்தக் குடும்பம் தேவையில் இருப்பதாகக் கொள்வார்கள். 2021-இல் கனடா முழுவதும் எடுத்தால் நூற்றுக்குப் பத்துக் குடும்பங்கள் இப்படி இருந்தன. நூனவுட்டில் 32.9 சதவீதம். தெற்கே டொரன்டோவில் தேவை என்றால் பெரும்பாலும் வாடகைதான் காரணம். வடக்கில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அரசு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அங்கே வாடகை வருமானத்தைப் பார்த்துப் போடப்படுகிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு மாதம் 60 டாலர்தான். பிறகு எங்கே பிரச்சினை என்றால் அறையில். அறைகளே இல்லை.

இனுவிட் மக்களின் தாயகப் பகுதிகள் நான்கு: மேற்கே இனுவியலுயிட், நடுவே நூனவுட், கியூபெக்கின் வடக்கே நூனவிக், லாப்ரடோரில் நூனட்சியாவுட். இந்த நான்கிலும் வாழும் இனுவிட் மக்களில் 52.9 சதவீதம் பேர் நெரிசலான வீடுகளில் இருப்பதாக 2021 கணக்கெடுப்பு சொல்கிறது. 32.7 சதவீதம் பேரின் வீட்டுக்குப் பெரிய பழுதுபார்ப்பு வேண்டும். இந்தக் கணக்கும் முழுக் கணக்கு இல்லை. பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் மெத்தை போட்டுத் தூங்கும் இளம் தம்பதி தனிக் குடும்பமாக எண்ணப்படுவதில்லை. மைனஸ் 35 டிகிரியில் யாரும் தெருவில் படுக்க முடியாது, அதனால் வீடில்லாதவர்கள் கண்ணில் படுவதும் இல்லை. அத்தை வீட்டு சோபாவில் ஒரு வாரம், நண்பன் வீட்டுத் தரையில் ஒரு வாரம் என்று சுற்றிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் அடி வாங்கும் பெண் கதவைத் திறந்து வெளியே வந்தால் போவதற்கு இன்னொரு கதவு வேண்டும். பல ஊர்களில் அப்படி ஒரு கதவு இல்லை.

என் தொழிலின் கண்ணால் பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வடக்கு வீடுகளில் எச்.ஆர்.வி. என்று ஒரு கருவி இருக்கும். வீட்டுக்குள்ளிருந்து வெளியேறும் சூடான, ஈரமான காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து, வெளியிலிருந்து வரும் குளிர்காற்றுக்குக் கொடுத்து உள்ளே அனுப்பும். எண்ணெய்ச் செலவுக்குப் பயந்து வீட்டை எவ்வளவு இறுக்கமாகக் கட்டுகிறோமோ அவ்வளவு அவசியம் இந்தக் கருவி. ஆளுக்கு இவ்வளவு காற்று என்று கணக்குப் போட்டுத்தான் இதைப் பொருத்துவார்கள். மூன்று படுக்கையறை வீடு என்றால் ஐந்தாறு பேரை மனதில் வைத்த கணக்கு. உள்ளே பதினொரு பேர் இருந்தால்? பதினொரு பேரின் மூச்சு, குளியல், நாள் முழுக்கக் கொதிக்கும் கெட்டில், உள்ளேயே காயும் துணி. அந்த ஈரம் எல்லாம் சுவரின் குளிர்ந்த மூலைகளைத் தேடிப் போகும். ஜன்னல் சட்டத்தில் பனியாக உறையும், உருகும், வழியும். கட்டிலுக்குப் பின்னால், அலமாரிக்குள், குளியலறைக் கூரையில் கரும்பூஞ்சை படரும். ஜிப்சம் பலகை பஞ்சுபோல நைந்துவிடும்.

ஆய்வு அறிக்கைகளில் 'குடியிருப்போர் காற்றோட்டக் கருவியை அணைத்து வைத்திருந்தனர்' என்று ஒரு வரி அடிக்கடி வரும். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. குளிர்காற்று இறங்கும் துளைக்கு நேர் கீழே, வரவேற்பறைத் தரையில், கைக்குழந்தையோடு படுத்திருக்கும் தாய் அதை அணைக்கத்தான் செய்வாள். அந்த அறையில் யாரும் தூங்குவார்கள் என்று வரைபடம் போட்டவர் நினைக்கவில்லை. இதைக் குடியிருப்போரின் அறியாமை என்று எழுதுவது நியாயமில்லை.

ஓர் ஊரில் உள்ளூர் வீட்டு நிர்வாக அலுவலகத்தின் பழுதுபார்ப்பு ஊழியர் ஒருவர் என்னோடு வீடு வீடாக வந்தார். எந்த வீட்டுப் பாய்லர் எப்போது நின்றது, எந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக் குழாய் எந்தக் குளிர்காலத்தில் வெடித்தது என்று மனப்பாடமாகச் சொன்னார். அவர் பெயரே காத்திருப்போர் பட்டியலில் வருடக்கணக்காக இருந்தது. "மற்றவர்கள் வீட்டையெல்லாம் நான்தான் சரி செய்கிறேன், நான் மட்டும் மாமியார் வீட்டில் இருக்கிறேன்" என்றார். குறை சொல்லும் தொனியே இல்லை. எனக்குத்தான் அன்று என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

நெரிசலும் காசநோயும் சேர்ந்தே நடக்கும். இந்தத் தாயகப் பகுதிகளின் இனுவிட் மக்களிடையே காசநோய் விகிதம், கனடாவில் பிறந்த பழங்குடியல்லாதவர்களின் விகிதத்தைப்போல ஏறத்தாழ 300 மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2018 மார்ச்சில் கனடா அரசு இதை 2030-க்குள் ஒழிப்போம் என்று உறுதி கொடுத்தது. 2021 நவம்பரில் நூனவுட்டின் பாங்னர்டங் ஊரில் காசநோய்ப் பரவல் அறிவிக்கப்பட்டது. மருந்து இருக்கிறது, மாதக்கணக்கில் சாப்பிட்டால் குணமாகும். குணமானவர் திரும்பிப் போவது அதே நெரிசலுக்கு என்றால் ஒழிப்பு எங்கிருந்து வரும்? வீட்டுவசதித் துறையின் கணக்கும் சுகாதாரத் துறையின் கணக்கும் வேறு வேறு அலமாரியில் இருப்பதால், கட்டாமல் மிச்சம் பிடித்த வீட்டின் விலை மருத்துவச் செலவாக வேறொரு தலைப்பில் போய்க்கொண்டிருக்கிறது.

நூனவுட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த முமிலாக் கக்கக் 2020-இல் பல ஊர்களுக்குப் போய், வீடுகளுக்குள் நுழைந்து, பூஞ்சையையும் நெரிசலையும் நேரில் பார்த்துப் பதிவு செய்தார். 2021 மார்ச்சில் அதை அறிக்கையாக வெளியிட்டார். அதற்கு நான்கு வருடம் முன்னால், 2017-இல், செனட் குழு ஒன்றும் இதே நிலைமையை விவரித்து அறிக்கை தந்திருந்தது. என்ன நடக்கிறது என்று தெரியவில்லை என்று ஒட்டாவா, அதாவது கனடாவின் மத்திய அரசு, சொல்லவே முடியாது.

இந்தத் தேவை எப்படி வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தெற்கே இருப்பவர்கள் 'அவ்வளவு தூரத்தில் ஏன் இருக்க வேண்டும்' என்று எளிதாகக் கேட்டுவிடுவார்கள். இந்தக் கேள்வி பல விருந்துகளில் என் காதில் விழுந்திருக்கிறது, நம் ஆட்கள் வாயிலிருந்தும்.

1950-கள் வரை பெரும்பாலான இனுவிட் குடும்பங்கள் வேட்டைக்கு ஏற்ப இடம் மாறிச் சிறு சிறு முகாம்களில் வாழ்ந்தன. அவர்களை ஓரிடத்தில் குடியமர்த்தியதில் அரசின் கை பெரிது. 1953-லும் 1955-லும் வடக்குக் கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து குடும்பங்களைக் கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய் ரெசொலூட்டிலும் கிரைஸ் ஃபியோர்டிலும் இறக்கினார்கள். அங்கே அவர்களுக்கு வீடு இல்லை, முதல் குளிர்காலம் கூடாரத்தில் போனது. இதற்கு அரசு மன்னிப்புக் கேட்டது 2010-இல். அப்புறம் காசநோய். கப்பலில் வந்து பரிசோதித்து, நோய் இருந்தவர்களை அப்படியே தெற்கே மருத்துவமனைகளுக்குக் கொண்டு போனார்கள். 1950-களின் நடுவில் ஏழு இனுவிட்டில் ஒருவர் தெற்கில் சிகிச்சையில் இருந்தார் என்கிறார்கள். குடும்பங்கள் சிதறின. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். பள்ளி இருக்கும் இடத்துக்குப் பெற்றோரும் வந்தார்கள். இழுவை நாய்கள் கொல்லப்பட்டன. அந்த நாய்கள் இல்லாமல் முகாமுக்குத் திரும்பிப் போக வழியில்லை. 2019-இல் நூனவுட்டின் கிழக்கே இருக்கும் கிக்கிக்தானி பகுதி மக்களிடம் அரசு இதற்கும் மன்னிப்புக் கேட்டது.

வந்தவர்களுக்கு வீடு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். 1959-இலிருந்து சில வருடம் கொடுத்தது ஒற்றை அறைப் பெட்டி வீடுகள். தீப்பெட்டி வீடு என்றே அவற்றுக்குப் பெயர். 1960-களின் நடுவில் வாடகைத் திட்டம் வந்தது. கொஞ்சம் பெரிய வீடுகள், மிகக் குறைந்த வாடகை. வாடகை உயராது என்று தங்களிடம் சொன்னதாக முதியவர்கள் பிற்பாடு கிக்கிக்தானி உண்மை ஆணையத்தில் சாட்சி சொன்னார்கள். வாழ்ந்த முறையை விட்டுவிட்டு வாருங்கள், வீடு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அரசு சொன்னது. மக்கள் தங்கள் பங்கை முழுசாகக் கொடுத்துவிட்டார்கள். அதனால் வடக்கின் வீட்டுத் திட்டத்தை நலத்திட்டம் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்புக்கொள்ள முடிவதில்லை. கடன் அது.

அந்தக் கடனை அரசு எப்படித் திருப்பிக் கொடுத்தது? 1993-இல் கனடா அரசு வருமானம் குறைந்தவர்களுக்கான புதிய சமூக வீடுகளுக்குப் பணம் தருவதை நிறுத்தியது. டொரன்டோவில் அந்த முடிவு வலித்தது. வடக்கில் தனியார் வாடகைச் சந்தை என்று ஒன்று இல்லவே இல்லை, அங்கே அரசு கட்டவில்லை என்றால் வேறு யாரும் கட்டப் போவதில்லை. பிள்ளைகள் பிறந்துகொண்டே இருந்தார்கள், நூனவுட்டின் மக்கள்தொகை நாட்டிலேயே இளமையானது. பல ஆண்டுகள் போதிய வீடு எழும்பாமலே போயிற்று.

பிறகு பணம் விட்டு விட்டு வரத் தொடங்கியது. 2006-இல் வடக்கின் மூன்று ஆட்சிப்பகுதிகளுக்கும் சேர்த்து 30 கோடி டாலர், அதில் 20 கோடி நூனவுட்டுக்கு. மூன்று வருடத்தில் 725 வீடு என்பது இலக்கு. 2009-இல் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தும் திட்டத்தில் நூனவுட்டுக்கு 10 கோடி, இரண்டு வருடத்துக்கு. 2013-இல் இன்னொரு 10 கோடி, அதுவும் இரண்டு வருடத்துக்கு. 2017-இல் தேசிய வீட்டுவசதி உத்தி வந்தபோதுதான் பத்து வருடக் கணக்கைப் பார்க்க முடிந்தது: நூனவுட்டுக்கு 24 கோடி. 2022 பட்ஜெட்டில் இனுவிட் தாயகப் பகுதிகளின் வீடுகளுக்கு ஏழு வருடத்துக்கு 84.5 கோடி.

இந்த இரண்டு வருட, மூன்று வருடப் பணத்தைக் கப்பலோடு வைத்துப் பாருங்கள். 2025-க்கு முன்பு வரை ஒட்டாவாவில் பட்ஜெட் வழக்கமாக வசந்த காலத்தில் வாசிக்கப்பட்டது. நாடாளுமன்ற ஒப்புதல், ஆட்சிப்பகுதி அரசோடு ஒப்பந்தம், எந்த ஊருக்கு எத்தனை என்ற முடிவு எல்லாம் முடிய இலையுதிர் காலம் ஆகிவிடும். அந்த வருடத்துக் கப்பல்கள் அப்போது திரும்பிக்கொண்டிருக்கும். குளிர்காலம் முழுக்க வரைபடம், டெண்டர். வெற்றி பெற்ற ஒப்பந்தக்காரர் வசந்தத்துக்குள் மரத்தையும் ஜன்னலையும் வாங்கித் துறைமுகத்தில் சேர்க்க வேண்டும். இரண்டாம் வருடக் கோடையில் சரக்கு இறங்கும். உறைமண்ணில் துளையிட்டு எஃகுத் தூண் நிறுத்த வேண்டும், அல்லது சரளை மேடு போட்டு அதன்மேல் எஃகுச் சட்டகம் வைக்க வேண்டும். வீட்டின் சூடு மண்ணை உருக்காதபடி தரையை விட்டு உயர்த்தித்தான் எந்த வீட்டையும் கட்டுவார்கள். பனி விழுவதற்குள் கூரையும் வெளிச்சுவரும் மூடினால் குளிர்காலத்தில் உள்வேலை செய்யலாம். சாவி கைக்கு வருவது மூன்றாம் வருடம். இரண்டு வருடத் திட்டம் என்று பெயர், கிடைப்பது ஒரே ஒரு கப்பல். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள் நம் ஊரில். பட்டம் போன பிறகு விதைநெல்லைக் கொடுத்துவிட்டு, களம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்பதற்கு ஒப்பானது இது.

பணம் ஒரே நேரத்தில் வந்து குவியும்போது இன்னொன்றும் நடக்கும். எல்லா ஊரிலும் ஒரே கோடையில் வேலை ஆரம்பிக்கும். கப்பலில் இடம் போதாது, தச்சர்கள் போதாது, மின்பணியாளர் போதாது. தெற்கிலிருந்து விமானத்தில் ஆட்களைக் கொண்டுவர வேண்டும், அவர்களைத் தங்கவைக்க வீடு வேண்டும். வீடில்லாத ஊரில் வீடு கட்ட வருகிறவர்களுக்கு வீடு! விலை ஏறாமல் என்ன செய்யும்? 2006 திட்டம் கடைசியில் போட்ட கணக்கைவிட 10 கோடி டாலருக்கு மேல் கூடுதலாக இழுத்தது 2010-இல் வெளியே வந்தது. நிர்வாகத்தில் குறை இருந்தது, செலவைச் சரியாகக் கண்காணிக்கவில்லை, அது உண்மை. அந்தக் கூடுதலைச் சுமந்தது நூனவுட் அரசு, அதாவது வேறு எதற்கோ போயிருக்க வேண்டிய பணம். பிறகு வந்த ஒவ்வொரு கோரிக்கையின்போதும் 'போன தடவை கொடுத்ததை என்ன செய்தீர்கள்' என்ற கேள்வியும் கூடவே வந்தது.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது தொழில் கற்ற ஆட்களின் கதை. ஒரு திட்டம் வரும்போது உள்ளூர் இளைஞர்களைப் பயிற்சிக்கு எடுப்பார்கள். தச்சு, குழாய் வேலை, எண்ணெய் பர்னர் பழுதுபார்ப்பு. சான்றிதழ் வாங்க நான்கு வருடம் போலப் பயிற்சி வேலை நேரம் சேர வேண்டும். இரண்டு வருடத்தில் பணம் தீர்ந்து வேலை நின்றுவிட்டால் பாதியில் நிற்பார்கள். அடுத்த பணம் வரும்போது அவர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள், மறுபடி புது ஆட்கள், மறுபடி முதலிலிருந்து. எந்தத் தணிக்கையிலும் இந்த இழப்புக்கு ஒரு தலைப்பு இல்லை.

வருடா வருடம் கட்டினால் எப்படி இருக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. கியூபெக்கின் நூனவிக்கில் 14 ஊர்கள். பழங்குடி மக்களும் அரசும் 1975-இல் கையெழுத்திட்ட ஜேம்ஸ் பே நில உரிமை ஒப்பந்தம் அங்கே சட்டப் பிடிமானம் கொடுக்கிறது. 2000-த்திலிருந்து ஐந்தைந்து வருட ஒப்பந்தங்களின்படி இனுவிட் மக்களின் மாக்கிவிக் அமைப்பு கட்டுமானத்தைத் தானே செய்கிறது. ஒரு கோடையில் இந்த ஊர்கள், அடுத்த கோடையில் அந்த ஊர்கள் என்று முன்கூட்டியே தெரியும். சரக்கு முன்பே வாங்கலாம், அதே ஆட்கள் அடுத்த வருடமும் வேலைக்கு வரலாம். நூனவிக்கில் வீட்டுப் பற்றாக்குறை தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை, ஒதுக்கும் எண்ணிக்கை பிறப்பு எண்ணிக்கையை எட்டவில்லை. ஆனாலும் கட்டும் திறமை ஊரில் தங்குகிறது.

பழைய நாளில் இன்னொன்றும் இருந்தது. 1980-களில், நூனவுட் பிரிவதற்கு முன், வடமேற்குப் பிரதேசங்களின் அரசு வீட்டுக்கான பொருட்களைத் தொகுப்பாகக் கொடுத்தது. குடும்பம் தன் உழைப்பால் கட்டிக்கொள்ள வேண்டும், கட்டிய வீடு அவர்களுக்கே சொந்தம். ஹாப் வீடு என்பார்கள். கட்டியவர்களின் பிள்ளைகள் பெருமையோடு அதைக் காட்டுவதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் சொந்த வீட்டுக்கு எண்ணெய், தண்ணீர், மின்சாரம் எல்லாம் சொந்தச் செலவு. வேட்டைக்காரக் குடும்பத்துக்கு அது பெரும் பாரம். சிலர் தாங்க முடியாமல் அரசு வாடகை வீட்டுக்கே திரும்பினார்கள்.

2022 அக்டோபரில் நூனவுட் அரசு 'நூனவுட் 3000' திட்டத்தை அறிவித்தது. 2030-க்குள் 3,000 வீடு. அரசு வாடகை வீடு மட்டும் இல்லை, வாங்கக்கூடிய விலையில் வீடு, தற்காலிகத் தங்குமிடம், சந்தை விலை வீடு எல்லாம் கலந்து. இனுவிட் மக்களுக்குச் சொந்தமான என்.சி.சி. என்ற கட்டுமான நிறுவனத்தோடு பல வருடக் கூட்டு ஒப்பந்தம். ஒவ்வொரு வருடமும் தனித்தனி டெண்டர் விட்டுக் கப்பலைத் தவறவிடாமல், அடுத்த வருடச் சரக்கை இந்த வருடமே திட்டமிட இது வழி செய்கிறது. அதன் உருவம் எனக்குப் பிடித்திருக்கிறது. எட்டு வருடம் என்று யோசித்ததே ஒரு முன்னேற்றம்.

சரி, நடப்பது எப்படி? 2025-இல் கனடாவின் தலைமைத் தணிக்கையாளர், அரசு வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் நூனவுட் வீட்டுவசதிக் கழகத்தைப் பற்றி அறிக்கை தந்தார். உள்ளூர் அலுவலகங்கள் வீடுகளை யாருக்கு, எந்த முறையில் ஒதுக்குகின்றன என்பதைக் கழகம் சரியாகக் கண்காணிக்கவில்லை, 2030 இலக்கும் ஆபத்தில் இருக்கிறது என்பது அதன் சாரம். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் ஒரு தாய்க்குத் தன் முறை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலையை இதோடு சேர்த்துப் பாருங்கள். கழகத்துக்கு இதில் சாக்கு கிடையாது. ஒதுக்கீட்டைக் கண்காணிக்கக் கப்பல் வர வேண்டியதில்லை.

அரசு ஊழியர் வீடு பற்றியும் சொல்ல வேண்டும். தெற்கிலிருந்து வரும் ஆசிரியர், செவிலியர், அதிகாரி ஆகியோருக்கு வேலையோடு வீடு கிடைக்கும். வீடு இல்லையென்றால் வரமாட்டார்கள், பள்ளியும் மருந்தகமும் நடக்காது, புரிகிறது. ஆனால் அதே பள்ளியில் உதவியாளராக வேலை செய்யும் உள்ளூர்ப் பெண் பத்துப் பேர் இருக்கும் வீட்டிலிருந்து கிளம்பி வருகிறார். அவருக்கு ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்க ஒரு மேசை போடக் கூட இடமில்லை. ஆசிரியர் ஆகாததால் அடுத்த வருடமும் தெற்கிலிருந்துதான் ஆள் வர வேண்டும், அவருக்கும் வீடு வேண்டும். உள்ளூர் ஊழியர்களுக்கான வீட்டை முதலில் கட்டியிருந்தால் இந்தச் சுற்று எப்போதோ அறுந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

வீட்டின் வடிவத்தைப் பற்றியும் அங்கே இருப்பவர்கள் நிறையச் சொல்வார்கள். வேட்டையில் கிடைத்த கடல்நாயையோ கரிபூ மானையோ தரையில் அட்டை விரித்து வெட்டி, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட விசாலமான இடம் வேண்டும். தோலும் இறைச்சியும் வைக்கச் சூடில்லாத முன்னறை வேண்டும். தெற்கத்திப் புறநகர் வீட்டின் வரைபடத்தில் இவை இருக்காது. புதிய வீடுகளில் இதைக் கேட்டுச் செய்ய ஆரம்பித்திருக்கிறார்கள், நல்ல விஷயம்.

நிலம் விற்பனை பற்றித் தெற்கே அடிக்கடி ஒரு யோசனை கிளம்பும்: நிலத்தைத் தனியார் வாங்க அனுமதித்தால் வீட்டுச் சந்தை உருவாகும் என்று. 2016-இல் நூனவுட்டின் எல்லா ஊர்களிலும் இது வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. எல்லா ஊரும் வேண்டாம் என்றது. குத்தகை முறையே தொடர்கிறது. மக்கள் யோசித்துக் கொடுத்த பதில், அதை மதித்துத்தான் எந்தத் திட்டமும் போட வேண்டும்.

எனக்கு அதிகம் கவலை தருவது கட்டிய பிறகு வரும் செலவு. சமீப வருடங்களில் நூனவுட்டில் ஓர் அரசு வீடு கட்டும் செலவு பத்து லட்சம் டாலரை நெருங்கிய டெண்டர்கள் வந்தன. அந்தத் தொகை செய்தியாகிறது. ஆனால் அந்த வீட்டுக்கு வருடா வருடம் எண்ணெய், லாரித் தண்ணீர், கழிவு அகற்றல், மின்சாரம், பழுது எல்லாம் ஐம்பது வருடத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 60 டாலர் வாடகையில் அது வராது. ஒட்டாவா புது வீட்டுக்குத் தரும் பணம் கட்டுமானத்துக்கு. நடத்தும் செலவு ஆட்சிப்பகுதியின் தலையில். வீடு கூடக் கூட நடத்த முடியாமல் போகும் ஓர் ஏற்பாடு இது. பராமரிப்புக்குப் பணம் இல்லையென்றால் பாய்லர் சோதனை தள்ளிப்போகும், வடிகட்டி மாற்றப்படாது, ஒரு குளிர்கால இரவில் குழாய் வெடிக்கும், வீடு பலகையடித்து மூடப்படும். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும் அதே ஊரில் இப்படி மூடிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டைப் பழுது பார்ப்பது புதிது கட்டுவதைவிட எத்தனையோ மலிவு. ஆனால் பழுது பார்த்த வீட்டுக்கு ரிப்பன் வெட்ட எந்த அமைச்சரும் வருவதில்லை.

பழைய வீடுகளை நடத்த ஒட்டாவா இன்னும் ஒரு தொகை தருகிறது. 1990-களில் போட்ட சமூக வீட்டுவசதி ஒப்பந்தத்தின்படி அது வருடா வருடம் குறைந்துகொண்டே வந்து 2037-38-இல் பூஜ்யம் ஆகும். அடைமானக் கடன் தீர்ந்த வீட்டுக்கு இனி உதவி எதற்கு என்பது அந்தக் கணக்கின் தர்க்கம். தெற்கே ஒருவேளை பொருந்தலாம். டீசலில் சூடேறும் வீட்டுக்குக் கடன் தீர்ந்தாலும் எண்ணெய்ச் செலவு தீராது. 2030-இல் 3,000 வீடும் எழும்பிவிட்டாலும், அடுத்த சில வருடங்களில் அந்த உதவி நின்றுபோகும்போது பழையது, புதியது என்று எல்லா வீட்டையும் சூடாக வைத்திருக்கும் செலவு முழுவதும் நாற்பதாயிரம் பேர் உள்ள ஓர் ஆட்சிப்பகுதியின் மேல் விழும். அதனால் ஒவ்வொரு பட்ஜெட் அன்றும் மொத்தத் தொகையை விட்டுவிட்டு நான் தேடிப் பார்ப்பது இரண்டு விஷயம்: வடக்கு வீடுகளுக்கான பணம் எத்தனை கப்பல்களுக்கு உறுதியாக இருக்கிறது, இந்தக் குறையும் தொகையைத் திருத்த யாராவது கை வைத்தார்களா.